வீட்டுப் பறவையின் நோய்க்குறி அறிதல்

நெம்மேலி, திருப்போரூர், கோவளம் முதலிய ஊர்களில் உள்ள உறுப்பினர் இல்லங்களுக்கு நாம் செல்லும்போது, ஏதேனும் ஒரு பறவையைக் காணாமல் திரும்புவதில்லை. நெசவாளர் வீட்டுத் தாழ்வாரத்தில் 'லவ் பேர்ட்ஸ்' கூண்டு தொங்குகிறது. மாடியில் புறாக்கூடு இருக்கிறது. உழவர் வீட்டுக் கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. இவற்றுள் ஒன்று நேற்றுவரை நன்றாக இருந்து இன்று காலை செத்துக் கிடந்தது என்று சொல்லக் கேட்பதும் அடிக்கடி நிகழ்வதே. "ஒரு நோயும் இல்லை; திடீரென்று போய்விட்டது" என்பார்கள்.

இக்கூற்று பெரும்பாலும் உண்மையன்று. நோய் பல நாட்களாகவே இருந்திருக்கும். பறவை அதனைக் காட்டாமல் இருந்திருக்கும். நாமும் பாராமல் இருந்திருப்போம். கோழியாயின் அவ்வீட்டுப் பெண்மணியின் கைச்செலவுக்குரிய முட்டைக் காசு போயிற்று. கூண்டுப் பறவையாயின் குழந்தைகளின் துணை போயிற்று. சில நோய்கள் ஒரு பறவையோடு நில்லாமல் தெரு முழுவதையும் வெறுமையாக்கும். சில மனிதரையும் பற்றும். ஆகவே நோயின் முதற்குறிகளை அறிந்துகொள்ளுதல் வீண் பொழுதுபோக்கு அன்று. குடும்பப் பொருளையும் உடல்நலத்தையும் காக்கும் கல்வியாகும்.

1. பறவை நோயை மறைப்பது ஏன்?

காட்டில் தளர்ந்து தனித்து நிற்கும் பறவையையே பருந்தும் வல்லூறும் குறிபார்க்கும். கூட்டத்திலுள்ள பிற பறவைகளும் நலிந்ததைக் கொத்தி விரட்டும். ஆதலின் உடம்பில் வலு உள்ளவரை நலமாயிருப்பது போலவே நடந்துகொள்வது பறவையின் இயல்பாயிற்று. ஆள் அருகில் வந்தவுடன் சிலிர்த்த இறகைச் சுருக்கி நிமிர்ந்து உட்காரும். தீனிக் கிண்ணத்தில் வாயை வைத்து உண்பது போலவும் காட்டும். மறைக்க இயலாத நிலை வந்தபின்னரே தலை தொங்கும். அப்போது காலம் கடந்திருக்கும்.

கணக்குத் தணிக்கை பற்றி அறிந்த உறுப்பினர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆண்டு முடிவில் ஐந்தொகையை மட்டும் பார்ப்பவருக்குச் சங்கத்தின் நலிவு தெரியாது. நாள்தோறும் ரொக்கக் குறிப்பையும் சரக்கிருப்பையும் பார்ப்பவருக்கே தெரியும். பறவை வளர்ப்பிலும் நாட்குறிப்பே பயன்தரும். தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் கண்ணாலும் காதாலும் உடனே உணர்கிறார் அன்றோ? முறையான ஓசையும் ஓட்டமும் அவருக்குப் பழகியிருப்பதே அதற்குக் காரணம். அவ்வாறே தம் பறவையின் முறையான நிலையை நன்கு அறிந்தவரே முறை தவறியதைக் கண்டுகொள்வார்.

2. நலமுள்ள பறவையின் இலக்கணம்

கண்கள் திறந்து பளிச்சென்றிருக்கும். மூக்குத் துளைகள் உலர்ந்து சுத்தமாயிருக்கும். இறகுகள் உடலோடு படிந்திருக்கும். காலையில் குரல் கொடுக்கும். நாளில் பலமுறை அலகால் இறகைக் கோதிக்கொள்ளும். எச்சத்துளையைச் சூழ்ந்த இறகுகளில் அழுக்கு ஒட்டியிராது. ஓய்வு கொள்ளும்போது பெரும்பாலும் ஒரு காலை மடக்கி மறுகாலில் நிற்கும்.

நலிந்த பறவையோ பகலிலேயே இறகைச் சிலிர்த்து உருண்டையாகி, இரு கால்களையும் ஊன்றிக் கண்மூடி உறங்கும். பறவையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியசு, நம்முடையதைவிட மிகுதி. அவ்வெப்பத்தைக் காக்க இயலாதபோதே இறகைச் சிலிர்த்து இடையில் காற்றைத் தேக்குகிறது. பனிக்காலையில் சற்று நேரம் சிலிர்த்திருப்பது இயல்பு. வெயில் ஏறிய பின்னும் சிலிர்த்திருப்பது நோய்க்குறி. குச்சியை விட்டிறங்கிக் கூண்டின் தரையில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று அறிக.

3. எச்சம் சொல்லும் செய்தி

பறவை எச்சத்தின் அருமையை நம் மாவட்டத்தாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை உணர்ந்த வேடந்தாங்கல் ஊரார், அங்கு வரும் பறவைகளை யாரும் சுடலாகாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு ஆட்சியரிடம் உத்தரவு பெற்றவர்கள். உரமாகப் பயன்படும் அதே எச்சம் நோயறியும் முதற் சான்றுமாகும்.

நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு. பச்சை அல்லது பழுப்பு நிறமுள்ள கெட்டியான மலம் ஒன்று. அதன்மேல் வெண்மையான சுண்ணாம்பு போன்ற சிறுநீர் உப்பு ஒன்று. சுற்றிலும் தெளிந்த நீர் சிறிதளவு. கூண்டின் அடியில் நாள்தோறும் வெள்ளைத் தாளை விரித்து மாற்றினால் இம்மூன்றும் தெளிவாகத் தெரியும். கவனிக்க வேண்டிய மாறுதல்களாவன:

மலப்பகுதி நீர்த்துக் கரைந்தால் கழிச்சல். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரல் கோளாறு இருக்கக்கூடும். தார் போலக் கறுத்தால் மேற்குடலில் இரத்தக் கசிவு இருக்கலாம். தானியம் முழுதாகவே வெளிப்பட்டால் செரிமானம் கெட்டது. எச்சத்தின் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தால் பறவை உண்ணவில்லை என்பது பொருள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கீரையும் பழமும் மிகுதியாகக் கொடுத்த நாளில் எச்சம் நீர்த்தும் நிறம் மாறியும் இருக்கும், அது நோயன்று. கோழிகள் நாளில் சில முறை பிசுபிசுப்பான பழுப்பு எச்சம் இடுவதும் இயல்பே. அஞ்சுவதற்கு முன் முதல் நாள் தீனி யாது என்று எண்ணிப்பார்க்க வேண்டும். தீனி மாறாமல் எச்சம் மட்டும் மாறி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அது குறியாகும்.

4. தீனியும் எடையும்

தினை முதலிய தானியங்களை உண்ணும் சிறு பறவைகள் உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். மேலாகப் பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்றும். உள்ளே இருப்பது வெறும் உமி. புத்தகத்தில் சரக்கு இருந்து கிடங்கில் இல்லாமற் போவது போன்றது இது. கிண்ணம் நிறைந்திருக்கப் பறவை பட்டினியால் மடிவது உண்மையில் நிகழ்கிறது. நாள்தோறும் உமியை ஊதி அகற்றி, எவ்வளவு தானியம் செலவாயிற்று என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது சோதனை எடை. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் ஆத்திரேலிய நாட்டு பட்ஜெரிகர் என்னும் சிறுகிளிகள். ஜான் கூல்டு என்னும் பறவையியலார் 1840இல் இவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பின்னர் உலகெங்கும் பரவின. இச்சிறுகிளியின் எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம். பத்தில் ஒரு பங்கு எடை குறைவது அபாயக் குறியாகும். அஃதாவது மூன்று நான்கு கிராமே. இது ஒரு தேக்கரண்டி உப்பின் எடைகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது, தராசுக்கே தெரியும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் வாரம் ஒருமுறை, தீனி வைக்குமுன், ஒரே நேரத்தில் நிறுத்துத் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

தராசு இல்லாதவர் விரலால் அறியலாம். நெஞ்சின் நடுவே நீண்டு செல்லும் எலும்பைத் தடவிப் பாருங்கள். இருபுறமும் சதை திரண்டு எலும்பு சற்றே தட்டுப்பட்டால் நலம். கத்தி முனை போல் எலும்பு துருத்தி, இருபுறமும் பள்ளமாக இருந்தால் பல நாட்களாகவே மெலிந்து வந்திருக்கிறது. இறகு மூடியிருப்பதால் மெலிந்த பறவையும் பருத்ததாகவே தோன்றும்; ஆகவே கண்ணை நம்பலாகாது. கோழிக்கும் புறாவுக்கும் இச்சோதனை ஒக்கும்.

தானியம் மட்டுமே உண்ட பறவைக்கு வைட்டமின் 'ஏ' குறைந்து மூக்கொழுக்கும் வாயில் வெண்படலமும் தோன்றும். முருங்கைக்கீரை, கொத்துமல்லி, காரட் முதலியவற்றைக் கழுவிக் கொடுத்தால் இக்குறை நீங்கும். முட்டையிடும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் முட்டை உள்ளேயே தங்கிவிடும். அப்பறவை தரையில் அமர்ந்து முக்கும், வாலை மேலும் கீழும் அசைக்கும், கால்கள் தளரும். இது அன்றைக்கன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய நிலை. இதனைத் தவிர்க்கும் பொருளை நம் கடலே தருகிறது. கரையொதுங்கும் கணவாய் ஓட்டை, நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல் நுரை' எனப்படுவதை, நல்ல நீரில் சில நாட்கள் ஊறவைத்து நீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் உலர்த்திக் கூண்டில் கட்டினால் பறவை வேண்டியபோது கொறித்துக்கொள்ளும்.

உழவர்களுக்கு ஒரு சொல்: மருந்து கலந்து நேர்த்தி செய்த விதையில் மிஞ்சியதைப் பறவைக்கு ஒருபோதும் இடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் நஞ்சாகும். காய வைத்தாலும் அந்நஞ்சு நீங்காது.

5. மூச்சு

பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. அதன் நுரையீரலோடு காற்றறைகள் பல இணைந்து உடலெங்கும் பரவியுள்ளன. உள்ளே புகும் காற்றின் நன்மையும் தீமையும் விரைவில் அதன் இரத்தத்தில் சேரும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சிறு பறவைகளை எடுத்துச் செல்லுமாறு சொன்னது இதனாலேயே. நச்சுக் காற்று மனிதனைத் தாக்குமுன் கேனரிப் பறவை தள்ளாடி எச்சரித்தது. பிரிட்டனில் இவ்வழக்கம் 1986இல்தான் கைவிடப்பட்டது.

நம் வீடுகளில் இதன் பாடம் யாது? சாயத் தொட்டியின் ஆவி, அடுப்புப் புகை, கொசுவர்த்தி, மிகுந்த சாம்பிராணி ஆகியவை எட்டாத இடத்தில் கூண்டு இருக்க வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள வாணலியை அடுப்பில் மறந்து விட்டுவிட்டால், அதிலிருந்து எழும் ஆவி மணமின்றியே சில நிமிடங்களில் பறவையைக் கொல்லும்.

ஓய்வாக அமர்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைதல், வாய் திறந்து மூச்சுவிடல், கழுத்தை நீட்டிக் காற்றைத் தேடல், 'டிக் டிக்' என்ற ஒலி, குரல் மாறுதல் ஆகியவை மூச்சுக் கோளாற்றின் குறிகள். சித்திரை வைகாசி வெயிலில் இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வாய் திறந்து இளைப்பது வெப்பத்தால் ஆவது. பறவைக்கு வியர்வை இல்லை. வாய் வழியாகவே வெப்பத்தைப் போக்குகிறது. உடனே நிழலுக்கு மாற்றிக் குளிர்ந்த குடிநீர் வைத்தால் சிறிது நேரத்தில் தெளியும். தெளியாவிட்டால் நோயென்று கொள்க.

பறவையைப் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்கலாகாது. நெஞ்சு அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும். குழந்தைகள் அன்பு மிகுதியால் இறுகப் பிடித்துக் கொன்றுவிடுவதுண்டு. அவர்களுக்கு இதனைச் சொல்லித் தருவது பெரியோர் கடன்.

6. மனக்கலக்கம்

நோயில்லாமலே பறவை வாடுவதும் உண்டு. தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளல், ஓயாது கத்தல் அல்லது முற்றிலும் வாயடைத்தல், கூண்டின் ஒரே வழியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டேயிருத்தல், கம்பியைக் கடித்துக்கொண்டேயிருத்தல், தீனியை ஒதுக்கல் ஆகியவை கலக்கத்தின் குறிகள். வளரும் காலத்தில் துன்புற்ற பறவையின் இறகில் குறுக்கே மெல்லிய கோடுகள் விழும்; பாவில் இழுப்பு மாறிய இடம் துணியில் வரியாகத் தெரிவதைப் போன்றதே இது.

இறகு போவதெல்லாம் கலக்கமன்று. ஆண்டுதோறும் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைப்பது இயற்கை. அப்போது தோல் வெறுமையாகத் தெரியாது, புதுக் குருத்துகள் தெரியும். தலையில் இறகு நன்றாயிருந்து, அலகு எட்டும் நெஞ்சிலும் இறக்கையிலும் மட்டும் வெறுமையாயிருந்தால் தானே பிடுங்கிக்கொள்கிறது எனலாம். தன் அலகு எட்டாத தலையிலேயே வெறுமை என்றால் உடனிருக்கும் பறவை பிடுங்குகிறது, அல்லது தோல்நோய் உள்ளது. அலகிலும் காலிலும் சுண்ணாம்பு பூசியது போன்ற பொருக்கு தோன்றினால் அது கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளின் வேலை. மருத்துவர் தரும் மருந்தால் எளிதில் தீரும். மண்ணெண்ணெய் பூசுதல் கொடிய தவறு.

கலக்கத்தின் காரணங்கள் பெரும்பாலும் நாம் உண்டாக்குபவை. பூனையும் காக்கையும் கூண்டருகே வருதல், நாள்தோறும் கூண்டை இடம் மாற்றல், விசைத்தறியின் ஓயாத இரைச்சல், இரவில் நெடுநேரம் விளக்கும் தொலைக்காட்சியும், திரும்பவும் இடமில்லாத சிறு கூண்டு, கூட்டமாக வாழும் பறவையைத் தனியே அடைத்தல் ஆகியவையே அவை. இருள் சூழ்ந்த அமைதியான உறக்கம் 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். ஒருபுறம் சுவரைச் சார்ந்து, கடற்காற்று நேரே அறையாத இடத்தில், ஆள் உயரத்தில் கூண்டு இருப்பது நன்று. கலக்கம் நீடித்தால் நோயெதிர்க்கும் வலிமை குன்றும். பின்னர் நோய் தானே வரும். ஆதலின் இதனைச் சிறிதென்று தள்ளலாகாது.

நெசவாளர் வீட்டுக்கே உரிய ஒரு விபத்தையும் இங்குச் சொல்ல வேண்டும். தரையில் கிடக்கும் நூற்கழிவு கோழி, புறாக்களின் விரல்களில் சுற்றிக்கொள்ளும். நாள் செல்லச் செல்ல இறுகி இரத்த ஓட்டம் நின்று, விரல் வீங்கிக் கறுத்து விழுந்துவிடும். நொண்டும் பறவையைக் கண்டால் முதலில் காலைத் தூக்கிப் பாருங்கள்; நூல் இருந்தால் சிறு கத்தரியால் நிதானமாக நறுக்கி எடுங்கள். பறவைகள் நடமாடும் இடத்தில் கழிவுநூலை விடாமல் பெருக்கிச் சாக்கில் சேர்த்தல் எளிய காப்பு.

7. கொல்லைக் கோழியும் வெள்ளைக் கழிச்சலும்

நாட்டுக்கோழி வளர்ப்போர் மிகவும் அஞ்ச வேண்டியது வெள்ளைக் கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய். இந்நோய் 1926இல் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதலாக இனங்காணப்பட்டது. 1920களின் இறுதியில் இமயமலை அடிவாரத்து இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அவ்வூர்ப் பெயரே நின்றது. இதற்குக் காரணம் வைரசு. ஆதலின் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. தடுப்பூசி போடாத கோழிகளில் பத்துக்கு ஒன்பதும் மடியக்கூடும்.

கோழி தூங்கி வழிதல், தீனி மறுத்தல், வெண்மையும் பச்சையுமான கழிச்சல், வாய் திறந்து கொறகொறத்தல், முட்டை திடீரெனக் குறைதல், கால் இறக்கை விழுதல், கழுத்து முறுக்கிக்கொள்ளல் ஆகியவை குறிகள். புறாக்களுக்கும் இவ்வினத்து நோய் வரும். கழுத்து திருகித் தானியத்தைக் குறிதவறிக் கொத்தும்.

காப்பு ஒன்றே: தடுப்பு மருந்து. குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8 வாரம் கடந்தபின் இறக்கையின் அடித்தோலில் ஊசியும் போட வேண்டும். அடுத்தடுத்து எப்போது போடுவது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்வார். இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இம்மருந்தைத் தயாரிக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் வழக்கமாகப் பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி, புறக்கடைக் கோழிகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறது. நலமுள்ள கோழிக்கே ஊசி பயன்தரும்; நோய் ஊரில் புகுந்தபின் ஓடுவது வீண். மருந்து பனிக்கட்டியில் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதையும் உறுப்பினர்கள் கவனிக்க.

செத்த கோழியை ஏரியிலோ சாலையோரத்திலோ எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். நோய்ப்பட்டதை அவசரமாக விற்பது அயலார் கோழிகளையும் கொல்வதாகும். கூட்டுறவு நெறி அறிந்தவர் அதனைச் செய்யார்.

8. மனிதரைப் பற்றும் நோய்கள்

பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராட்டிர மாநிலம் நவாபூரில் கோழிகளிடம் உறுதிசெய்யப்பட்டது. ஒரே நாளில் பல கோழிகள் சாதல், கொண்டையும் தாடியும் நீலித்தல், தலை வீங்குதல் ஆகியவை காணப்பட்டாலோ, காக்கைகளும் நீர்ப்பறவைகளும் கும்பலாகச் செத்துக் கிடந்தாலோ, வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இவ்வையம் உள்ளபோது மேலே சொன்னவாறு நாமே புதைக்கவும் முற்படலாகாது. அலுவலர் வந்து செய்வர்.

கிளிக் காய்ச்சல் என ஒன்றுண்டு. 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கிளிகள் வழியாகப் பல நாடுகளின் இல்லங்களில் அது பரவிப் பலர் உயிரிழந்தனர். கண்ணீர் வடிதல், மூக்கொழுக்கு, பச்சைக் கழிச்சல் உள்ள கிளியின் உலர்ந்த எச்சத்தூசியால் அது மனிதருக்கு வரும். ஆகவே எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காமல், நீர் தெளித்து வழித்தெடுத்துக் கைகழுவுதல் நலம். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலும் இருமலும் நீடித்தால், பறவை வளர்ப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். உரிய மருந்தால் இது குணமாகும்.

9. குறி கண்டவுடன் செய்ய வேண்டுவன

முதலாவது, நோயுற்றதைப் பிறவற்றிலிருந்து பிரியுங்கள். இரண்டாவது, வெதுவெதுப்புக் கொடுங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, வெளியே ஒரு பக்கத்தில் மட்டும் 40 வாட்டுக் குண்டு பல்பு ஏற்றி, உள்ளே ஏறத்தாழ 30 பாகை வெப்பம் இருக்கச் செய்யுங்கள். வெப்பம் மிகுந்தால் பறவை மறுபக்கம் ஒதுங்க இடம் இருக்க வேண்டும். மூன்றாவது, மங்கிய ஒளியும் அமைதியும் தந்து, நீரையும் தீனியையும் அலகுக்கு எட்டும்படி வையுங்கள். நான்காவது, காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாடுங்கள். சிறு பறவை ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டாலே உயிருக்கு ஆபத்து.

செய்யத்தகாதவை: வாயில் நீரையோ கஷாயத்தையோ சாராயத்தையோ வலிந்து ஊற்றுவது. அது மூச்சுக்குழலில் இறங்கிக் கொல்லும். மனிதருக்குரிய மாத்திரைகளை மதிப்பாகப் பொடித்துக் கொடுப்பதும் கூடாது. 35 கிராம் உடம்புக்கு அளவு காண்பது நம்மால் ஆகாது.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ உதவி கேட்கலாம். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையும் நமக்கு எட்டாத தொலைவன்று. செல்லும்போது பறவையோடு அன்றைய எச்சத்தாளையும் எடைக் குறிப்பையும் கொண்டு செல்லுங்கள். வாயில்லா உயிருக்காக அவை பேசும்.

10. வாங்கும்போதே விழிப்பு

சந்தையில் வாங்கிய புதுப் பறவையை 30 நாட்கள் தனியே வைத்து, அதற்கு உரிய வேலையைக் கடைசியில் செய்து கைகழுவ வேண்டும். பழைய பறவைகள் அனைத்தையும் ஒரு புதுப் பறவை அழிப்பது இவ்வொரு கட்டுப்பாடு இன்மையாலேயே.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பச்சைக்கிளி, மைனா, முனியா முதலியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றமாகும். அரிய வெளிநாட்டுப் பறவைகளை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுசெய்ய வேண்டியிருக்கும்; வனத்துறையிடம் கேட்டறிக. காட்டுப் பறவை கூண்டில் படும் கலக்கத்துக்கு மருந்து இல்லை. அதனை அடைக்காதிருப்பதே மருந்து.

11. சங்கத்தின் பங்கு

ஒருவர் மட்டும் ஊசி போட்டு, அண்டை வீட்டார் போடாவிட்டால் நோய் ஊரிலேயே தங்கும். எல்லோரும் ஒரே நாளில் போட்டால் நோய்க்கு இடமில்லை. சங்கச் செயலாளர்கள் முகாம் தேதியை அறிவிப்புப் பலகையில் எழுதி, உறுப்பினர் வீட்டுக் கோழிகளின் எண்ணிக்கையைச் சேர்த்து மருந்தகத்துக்கு முன்னதாகவே அனுப்பலாம். சங்க அலுவலகத்துத் தராசை வாரம் ஒருநாள் மாலையில் இதற்கு உதவலாம். பெரிய செலவு எதுவும் இல்லை; சிறிது ஒழுங்கே வேண்டும். அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் இப்பாடத்தை யாரேனும் ஒருவர் படித்துக்காட்டி, கீழ்வரும் வினாக்களை உறுப்பினர்கள் தமக்குள் கேட்டுத் தெளியுமாறு வேண்டுகிறோம்.

பயிற்சி வினாக்கள்

1. பறவை தன் நோயை மறைப்பதன் காரணம் யாது?
2. எச்சத்தின் மூன்று பகுதிகள் எவை? கீரை உண்ட நாளின் எச்சத்தை நோயிலிருந்து எவ்வாறு பிரித்தறிவீர்?
3. தீனிக் கிண்ணம் நிறைந்திருந்தும் பறவை பட்டினி கிடப்பது எவ்வாறு?
4. வெயிலால் இளைப்பதற்கும் மூச்சுக் கோளாற்றுக்கும் உள்ள வேறுபாடு என்ன?
5. வெள்ளைக் கழிச்சல் வந்தபின் ஊசி போடுவதால் ஏன் பயனில்லை?
6. உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக் கோழிகளுக்கு ஊசி போடப்பட்டுள்ளது?

கடைசி வினாவுக்கு விடை இப்பக்கத்தில் இல்லை. தெருவில் நடந்து எண்ணிப் பார்த்தே எழுத வேண்டும்.